பெயர் போடாத கவிதை

தெல்மா ரூட் இருபது வருஷம் கவிதை எழுதினாள். அதில் ஆல்டர் ஸ்பிரிங்ஸ் ஊர் மனப்பாடமாக அறிந்தது ஒன்றே ஒன்று. அதை எழுதியவள் அவள்தான் என்று வெளியே வருவதற்குள் ஊரும் நடுங்கிப்போனது, அவளும் பாதியாகிப்போனாள்.

நெப்ராஸ்கா சமவெளியில் சோளக் காட்டுக்கு நடுவே ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த ஊர் அது. தெல்மாவின் அப்பா ரயில் பாதை பழுது பார்த்தவர். அவர் போனபின் அம்மா படுத்த படுக்கையானாள். தெல்மா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மருந்துக் கடை மாடியிலிருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். அம்மாவும் போனபின் தம்பி ஆர்விட்டை வளர்த்தது அவள்தான். கல்யாணம் ஒருமுறை கூடிவந்து, மாப்பிள்ளை கலிபோர்னியா போய் அங்கேயே தங்கிவிட்டதால் நின்றுபோனது. அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

எக்ஸ்சேஞ்ச் லைல் கெம்ப்பர் என்ற தனி முதலாளியுடையது. ஆபரேட்டர் என்ன பேசலாம் என்பதைக் கெம்ப்பர் அச்சடித்து, இணைப்புப் பலகைக்கு மேலே ஒட்டியிருந்தார். 'எந்த எண் வேண்டும்', 'லைன் கிடைக்கவில்லை', 'நன்றி'. அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. இணைப்புக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும். ஒட்டுக்கேட்டால் வேலை போய்விடும். தெல்மா ஒருநாளும் கேட்டதில்லை. ஊரே அதற்காக அவளை மெச்சியது. "தெல்மாகிட்ட ரகசியம் சொன்னா கிணத்துல போட்ட கல்லு" என்பார்கள்.

மாதம் ஒரு வியாழக்கிழமை லூத்தரன் சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் மகளிர் கவிதைக் குழு கூடும். தலைவி கோரா ஸ்ட்ராண்ட், பாங்க் மானேஜரின் மனைவி. அடுத்த மாதத் தலைப்பை அவளே அறிவிப்பாள்: வசந்தம், தாயின் கைகள், நமது கொடி. நாலு நாலு வரியாக எழுத வேண்டும். வரிக் கடைசியில் ஓசை ஒத்துவர வேண்டும். ஒவ்வொருத்தியும் எழுந்து வாசிப்பாள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். பிறகு காப்பியும், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரமும். நல்லதென்று கோரா தேர்ந்தெடுத்தது உள்ளூர் வாரப் பத்திரிகையில் சனிக்கிழமை வரும். தெல்மாவின் கவிதைகள் அடிக்கடி வந்தன. எந்தக் கவிதை யாருடையது என்று பெயரை மறைத்துக் கேட்டால் எழுதியவளுக்கே தெரியாது, அப்படி ஒரே அச்சில் வார்த்தவை எல்லாம்.

வீட்டில் அவள் எழுதியது வேறு. வரி நீளும், குறுகும், நினைத்த இடத்தில் முறியும். ஓசை ஒப்பு கிடையாது. அதை யாரிடமும் காட்டியதில்லை. ஒருமுறை மட்டும் தன் குழுக் கவிதை ஒன்றில் கடைசி அடியை ஒத்து வராமல் விட்டுப் பார்த்தாள். கோரா பென்சிலால் அதைத் திருத்தினாள். அப்போது குழுவுக்குப் பியானோ வாசிக்கும் இர்மா பாவ்லிக் குறுக்கே பேசினாள்.

"ஏன் கோரா, ஓசை காதுல இருந்தா போதாதா? கடைசி எழுத்துலதான் இருக்கணுமா?"

"சட்டம்னா சட்டம் இர்மா. ஆளுக்கொரு தாளத்துக்கு ஆடினா அது கூத்து."

தெல்மா தலையாட்டித் திருத்தத்தை ஏற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து இர்மா அவளுக்குச் சிநேகிதி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷ வசந்தம் அது. கொரியாவில் சண்டை முடியவில்லை. வாஷிங்டனில் யார் யாரையோ கூண்டில் ஏற்றி, நீ கம்யூனிஸ்டா, உனக்குத் தெரிந்தவர்கள் யார் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆல்டர் ஸ்பிரிங்ஸிலும் பழைய பட்டாளத்துக்காரர் மண்டபத்தில் ஒரு தேச விசுவாசக் கமிட்டி முளைத்தது. தலைவர் டேல் ஹட்சின்ஸ், கார் வியாபாரி. அவர் பட்டறையில்தான் ஆர்விட் மெக்கானிக். விவசாயிகள் கூட்டம், பேஸ்பால் ஆட்டம், பலகார விற்பனை, எது நடந்தாலும் முதலில் எல்லாரும் எழுந்து நெஞ்சில் கைவைத்துக் கொடி உறுதிமொழி சொல்ல வேண்டும் என்று கமிட்டி ஏற்பாடு செய்தது.

அந்தச் சொற்கள்மேல் தெல்மாவுக்கு ஒரு கோபமும் இல்லை. குழந்தையில் ஆசையாகச் சொன்னவைதான். ஆனால் அந்த வசந்தத்தில் மண்டபத்தில் நின்று அத்தனை குரலும் ஒன்றாகக் கிளம்பியபோது அவள் குரல் மட்டும் எழவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடியே எழுதினாள்:

எல்லாரும் எழுந்து நின்று
ஒரே சொல்லைச் சொல்கிறோம்.
என் உதடு அசைகிறது.
குரல் வரவில்லை.
பக்கத்தில் நிற்பவர் உதடும் அசைகிறது.
அவருக்காவது வருகிறதா என்று
காது கொடுத்துக் கேட்கிறேன்.

எழுதியதைப் பத்திரிகை அலுவலகக் கதவிலிருந்த தபால் துவாரத்தில், பெயர் போடாமல், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போட்டுவிட்டு வந்தாள். ஏன் போட்டாள் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அச்சில் பார்க்கும் ஆசைதான், வேறொன்றும் இல்லை. பெயர் போடத் தைரியம் இல்லை, அதுவும் அவ்வளவுதான். பத்திரிகைக்காரருக்கு அந்த வாரம் ஒரு மூலையில் இடம் காலியாக இருந்தது. படித்துப் பார்க்காமலே போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பலகையில் ஒரு அழைப்பு விளக்கு எரிந்தது. அடுத்தது எரிந்தது. பிறகு எல்லாம் எரிந்தன. புயல் வந்த நாளில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ஊரில் ஒரு புது வழக்கம் வந்தது. உறுதிமொழி சொல்லும்போது யாரும் கொடியைப் பார்க்கவில்லை. பக்கத்து ஆளின் வாயைப் பார்த்தார்கள். அதனால் எல்லாரும் கத்திச் சொன்னார்கள். முடிவெட்டும் வால்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாவம், அவன் கடை கடையாக ஏறி, "தொண்டை சரியில்லப்பா, டாக்டரை வேணா கேளு, நாளைக்குக் கூட்டத்துல சத்தம் வரலைன்னா வேற மாதிரி எடுத்துக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டு போனான். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் அவனிடம் முடிவெட்ட வந்தவர்கள் குறைவு.

தெல்மாவுக்கு எங்கே போனாலும் சந்தேகம். மருந்துக் கடையில் யாராவது பேச்சை நிறுத்தினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும். ஆர்விட் சாப்பாட்டு மேஜையில் பத்திரிகையை மடித்து அவளிடம் காட்டினான்.

"யாரோ ஒரு பைத்தியம். முதலாளி கொதிச்சுப் போயிருக்கார். ஆளு கிடைச்சா ஊரை விட்டே துரத்திடுவாராம்."

"யார் கிடைச்சாலுமா?"

"யாரா இருந்தா என்ன. நீ ஏன் வெளிறிப் போற? நீயா எழுதின?" என்று சொல்லிவிட்டுத் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தான்.

அவளும் சிரித்தாள்.

அந்த வாரம்தான் அவள் முதன்முதலாக ஒட்டுக்கேட்டாள். ஹட்சின்ஸ் கோரா வீட்டு எண்ணைக் கேட்டார். தெல்மா இணைத்தாள். கை, கேட்கும் விசையை மூடப் போய் அப்படியே நின்றது.

"கோரா, உங்க பொம்பளைங்கள்ல இப்படித் தாறுமாறா எழுதறவ யாரு?"

"எங்க குழுவுலயா? ஒருத்தியும் இல்ல டேல். அப்படி எழுதினா நான் சேர்ப்பேனா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த பாவ்லிக் பொண்ணு?"

கோரா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு தடவை என்கிட்ட வாதாடினா. கடைசில ஓசை ஒத்துவரணும்னு என்ன கட்டாயம்னு."

"அவ்வளவுதானே. நான் நினைச்சேன். பேரைப் பாரு, பாவ்லிக். போஹீமியாக்காரங்க பேரு."

தெல்மா விசையை மெல்ல மூடினாள். தனக்காக இர்மா பேசிய பேச்சு இர்மாவின் கழுத்துக்கே சுருக்காக வந்துவிட்டது. தன்மேல் சந்தேகம் இல்லை என்று தெரிந்ததும் மனசின் ஒரு மூலை நிம்மதியாக மூச்சு விட்டதையும் அவள் கவனித்தாள். அந்த மூச்சுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

இர்மாவின் வீட்டுக்குப் பியானோ கற்க வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். ஒரு தாய் குழந்தைக்குக் கைவலி என்றாள். இன்னொருத்தி காரணமே சொல்லவில்லை. சர்ச் ஞாயிறுப் பாட்டுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டது. ஞாயிறு மத்தியானம் இர்மா ஒரு தட்டில் கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி எடுத்துக்கொண்டு தெல்மா வீட்டுக்கு வந்தாள். தன் வீட்டு வாசலில் யாரோ சுண்ணாம்புக்கட்டியால் உதடு வரைந்திருக்கிறார்கள் என்றாள்.

"நான் எழுதலை தெல்மா. யார் கேட்டாலும் இதேதான் சொல்றேன். நம்ப மாட்டேங்கறாங்க."

"எல்லாம் அடங்கிடும். நீ காப்பி குடி."

"அடங்குமா? அப்பாவை நினைச்சாத்தான் பயமா இருக்கு. சின்னப் பையனா கப்பல்ல வந்தவர். குடியுரிமை எடுக்கவே இல்ல. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம்னு எழுபது வயசாச்சு. எவனாவது அதைக் கிளறினா எங்க அனுப்புவாங்க அவரை? போஹீமியா இப்ப கம்யூனிஸ்டுங்க கையில இருக்குன்னு தெரியும்ல?"

தெல்மா காப்பி ஊற்றினாள். வாயைத் திறந்தாள். ஒரு சொல் போதும். வரவில்லை.

இர்மா கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. அது நல்ல கவிதை. படிச்சப்போ இதை நான் எழுதியிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. எழுதினவ யாரோ, தைரியசாலி."

அவள் போனபின் தெல்மா கொலாச்சித் தட்டைத் தொடாமல் மூடி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஹட்சின்ஸ் லைனில் வந்தார். "தெல்மா, ஒமாஹாவுக்கு ஒரு டிரங்க் கால் போடு. வெளிநாட்டுக்காரங்க பேப்பர் பார்க்கிற அரசாங்க ஆபீசு. கிழவன் பாவ்லிக் கணக்கை இன்னிக்கு முடிச்சுடலாம்."

டிரங்க் லைன் காலியாகத்தான் இருந்தது. எதிரே அதன் துளை கறுப்பாக, சும்மா இருந்தது.

"லைன் கிடைக்கவில்லை" என்றாள் தெல்மா. அச்சடித்த வாக்கியம்தான். பொய்யாக அதை அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

"அப்படியா? சரி, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் மறுபடி கூப்பிடறேன். அப்பவும் கிடைக்கலைன்னா நானே மேல வந்து உன் பக்கத்துல நின்னு போட்டுக்கறேன். என்ன, உன் மெஷினு வயசாகிப் போச்சா?" என்று சிரித்தார்.

தெல்மா பலகையின் முன் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஹட்சின்ஸின் பட்டறை தெரிந்தது. ஆர்விட் ஒரு டிரக்கின் அடியிலிருந்து காலை மட்டும் நீட்டிக் கிடந்தான். போய்ச் சொல்லிவிடலாம், ஹட்சின்ஸிடம் மட்டும், காதோடு. ஆனால் அவரிடம் மட்டும் சொன்னால் அவர் அதைத் தன் சௌகரியப்படி மாற்றிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் குரல்களைக் கம்பியில் கடத்தியவள். ஒருத்தர் வாயில் புறப்பட்டது அடுத்தவர் வாயில் என்னவாகும் என்று கேட்காமலே அறிந்திருந்தாள்.

தீயோ சூறாவளியோ வந்தால் மட்டும் அடிக்கிற பொது மணி ஒன்று உண்டு. எல்லா லைன்களையும் ஒன்றாகச் சேர்த்து, விட்டு விட்டு நீளமாக அடித்தால் ஊரிலும் பண்ணைகளிலும் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் எடுத்துக் கேட்க வேண்டும். தெல்மா கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். விரல்கள் தப்புத் துளைக்குப் போயின. எடுத்து மறுபடி செருகினாள். மணிக் கைப்பிடியைச் சுற்றினாள்.

ரிசீவர் எடுக்கிற சத்தங்கள் மழைபோல் விழுந்தன. பிறகு மூச்சுகள். நாய் குரைப்பு, ஒரு வீட்டில் கொதிக்கும் தண்ணீர், ஒரு குழந்தை. "தீயா?" என்று யாரோ கேட்டார்கள். "எங்க தெல்மா? எந்தப் பக்கம்?"

"தீ இல்லை" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, மெலிசாகக் கேட்டது. "நான் தெல்மா ரூட். பத்திரிகையில வந்த அந்தக் கவிதையை எழுதினது நான்தான். இர்மா பாவ்லிக் எழுதலை. அவளுக்கு அதுபத்தி ஒண்ணுமே தெரியாது. நான் மட்டும்தான்."

அத்தனை வீடுகளும் கம்பியின் அந்தப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. யார் முதலில் வைக்கப்போகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் காத்திருப்பது போலிருந்தது. ஒரு 'கிளிக்' கேட்டது. அதன்பின் எல்லாரும் சேர்ந்து வைத்தார்கள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டபோது அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கெம்ப்பர் முன்னால் வந்தார், பின்னால் ஹட்சின்ஸ். அடிப்பார், கத்துவார் என்று நினைத்தாள். ஹட்சின்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ தனக்கு அநியாயம் நடந்துவிட்டதுபோல் நின்றார்.

"என்ன தெல்மா இது? நீ நம்ம வீட்டுப் பொண்ணாச்சே. உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒண்ணா மீன் பிடிச்சவங்க."

அவள் செருகிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"சரி. உனக்கா இது தோணியிருக்காது. அந்த இர்மாதான் உன் மனசுல ஏத்தியிருப்பா. அவதானே? ஆமான்னு மட்டும் சொல்லு, உன் வேலைக்கு ஒரு சேதமும் வராது. லைல், அப்படித்தானே?"

கெம்ப்பர் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இல்லை" என்றாள் தெல்மா. "எனக்காத்தான் தோணிச்சு."

ஹட்சின்ஸின் முகம் இறுகியது. வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு வந்து, ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டு, மேடையில் தனியாக நின்று உறுதிமொழியைச் சொல்ல வேண்டும் என்றார். வரவில்லையென்றால் ஆர்விட் வேறு பட்டறை பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச் வேலை அப்போதே போயிற்று. பொது மணியைத் தப்பாக அடித்ததற்கு என்று கெம்ப்பர் காரணம் சொன்னார்.

வீட்டில் ஆர்விட் கத்தவில்லை. மேஜையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். "போய்ச் சொல்லிடு தெல்மா. நாலு வரிதானே. தினமும் சொல்றதுதானே. லிண்டாவைக் கட்டிக்கக் கேட்கலாம்னு இருந்தேன். வேலை இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" அவன் குரல் உடைந்தது. அவளுக்கு அவன் சிறுபிள்ளையாகக் காய்ச்சலில் கிடந்த நாட்கள் ஞாபகம் வந்தன.

வெள்ளிக்கிழமை அவள் போனாள். மண்டபம் நிரம்பி, நிற்க இடமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினாள். கோரா முதல் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். இர்மா வரவில்லை.

"பேர் போடாம போட்டது தப்பு. அதனால வேற ஒருத்தர் கஷ்டப்பட்டாங்க. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்" என்றாள். எழுதியதற்கு மன்னிப்பு அவள் கேட்கவில்லை. ஹட்சின்ஸ் அதைக் கவனித்தாரோ இல்லையோ, கூட்டம் கவனித்தது. பிறகு நெஞ்சில் கைவைத்துக் கொடியைப் பார்த்து உறுதிமொழியைச் சொன்னாள். குரல் வராது என்றுதான் பயந்திருந்தாள். வந்தது. நடுக்கத்தோடு, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தனியாக ஒருத்தி சொல்லும்போது அந்தச் சொற்கள் அப்படி ஒலிக்கும் என்று யாரும் அறிந்திருக்கவில்லை. பலர் குனிந்து தரையைப் பார்த்தார்கள். வால்ட் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான்.

"இப்ப எல்லாரும் சேர்ந்து" என்று ஹட்சின்ஸ் அவசரமாகச் சொன்னார். மண்டபம் எழுந்து இடிபோல் சொன்னது. தெல்மா அவர்கள் எதிரில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். உதட்டைக்கூட அசைக்கவில்லை. பிடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவரவர் சத்தம் போதுமா என்ற கவலை அவரவருக்கு.

கிழவர் பாவ்லிக்கைப் பற்றி ஹட்சின்ஸ் ஒமாஹாவுக்குப் பேசவே இல்லை. பேச இப்போது காரணம் இல்லை. ஆனால் இர்மாவின் பியானோவுக்குப் பிள்ளைகள் திரும்பவில்லை. அவர்கள் ஒமாஹாவுக்குக் குடிபோக வீட்டைக் காலி செய்த அன்று தெல்மா போய் வாசலில் நின்றாள். இர்மா ஒரு பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு எதிரில உக்காந்து காப்பி குடிச்சேன்" என்றாள் இர்மா. "எங்கப்பா கதையை உன்கிட்ட சொன்னேன். நீ அடங்கிடும்னு சொன்ன."

"பயம் இர்மா."

"எனக்கு மட்டும் இல்லையா?"

கயிற்றை முடிந்து, மிச்சத்தை அறுத்து, உள்ளே போய்விட்டாள்.

ஆர்விட் வேலையில் இருந்தான். லிண்டாவைக் கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போனான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் அக்காவைக் கூப்பிடுவான். தெல்மா பக்கத்து ஊரில் கோழிமுட்டை தரம் பிரிக்கிற கொட்டகையில் சேர்ந்தாள். விளக்குக்கு முன் முட்டையைப் பிடித்து உள்ளே பார்க்கிற வேலை. பேச்சு தேவையில்லை. கவிதைக் குழுவுக்கு அவள் போகவில்லை. வர வேண்டாமென்று யாரும் சொல்லவும் இல்லை. அப்புறம் பல வருஷம் கழித்து, கிழக்கே எங்கேயோ வெளிவரும் ஒரு சிறு பத்திரிகையில் அவள் கவிதைகள் சில வந்தன. கீழே தெல்மா ரூட் என்று பெயர் இருந்தது. ஆல்டர் ஸ்பிரிங்ஸில் அந்தப் பத்திரிகையை யாரும் வாங்குவதில்லை.

பயம் மட்டும் போகவில்லை. இரவல் கேட்க வரும் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாலும் முதலில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பாள். படிக்கட்டில் யாராவது ஏறினால் கை தானாக நாற்காலியைப் பிடிக்கும். எழுதும்போதும் நடுங்குவாள். நடுங்கிக்கொண்டே எழுதி முடிப்பாள், பெயரையும் போடுவாள்.

கிழவர் பாவ்லிக் ஒமாஹாவில் இறந்த செய்தி அவளுக்கு எட்டியபோது, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சர்ச்சில் போஹீமிய மொழியில் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் நின்றவளை இர்மா திரும்பிப் பார்த்தாள். எழுந்து வரவில்லை, முகமும் மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள். தெல்மா போய் உட்கார்ந்தாள். பாட்டு அவளுக்குத் தெரியாது. இர்மா பாடினாள், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.